சத்தமில்லாமல் இருந்தவர்கள்

முதல் தடவை கதவைத் திறக்காமல் இருந்தது அவர்கள் திட்டம் போட்டுச் செய்த காரியமல்ல. காலிங்பெல் அடித்தபோது கணவர் குளியலறையில் இருந்தார். மனைவி ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். தோளில் பேங்க் முத்திரை போட்ட பை. அவள் திரையை விட்டுவிட்டு, மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பெல் மறுபடி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு கேட் கிறீச்சிட்டது, பைக் கிளம்பியது. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்த கணவர், யார் என்று கேட்டார். யாருமில்லை என்றாள். அவருக்குப் புரிந்தது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் எஸ்கலேட்டர் மெக்கானிக். பெரிய வணிக வளாகம் ஒன்றில் மேலும் கீழும் ஓடும் படிக்கட்டுகள் அத்தனையும் அவர் பொறுப்பில் இருந்தன. ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சங்கிலி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வளாகத்தில் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கடைசியில் மொத்தமாக மூடுவதென்று முடிவானபோது, சாமான்களை அப்புறப்படுத்தும் வரைக்கும் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளக்கணைந்த கடைகளுக்கு நடுவே, ஏறுவதற்கு ஆளில்லாத படிக்கட்டுகளுக்கு எண்ணெய் போட்டு ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதச் சம்பளமும் அவருக்குச் சேரவேண்டிய மற்றப் பணமும் வரும் வரும் என்று சொன்னார்களே தவிர வரவில்லை.

மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தாள். அவள் சம்பளம் மூன்று வயிற்றுக்குக் காணும். வீட்டுக் கடன் தவணைக்குக் காணாது. முதல் தவணை தவறியபோது பேங்கிலிருந்து மரியாதையாகப் பேசினார்கள். அடுத்த முறை மரியாதை கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேலை கிடைக்கட்டும், பாக்கியை மொத்தமாகக் கட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்கிறேன் என்பதுதான் அவர் பேச்சு. கையில் ஒன்றுமில்லாமல் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்றார். பேங்குக்குப் போய்ப் பேசலாம் என்று அவளும் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அந்த வீடே ஒரு காலத்தில் பேங்க் ஏலத்தில் வந்ததுதான். முன்னால் இருந்தவர்கள் கடன் கட்ட முடியாமல் போய்விட்டார்கள் என்று தரகர் சொன்னார். எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள் என்று இவர்கள் துருவிக் கேட்கவில்லை. விலை குறைவாக இருந்தது, சுவர் நன்றாக இருந்தது. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு, அதைத் திறந்தால் சாக்கடையை ஒட்டிய குறுகலான சந்து. முன்கதவின் பூட்டை பேங்கே மாற்றியிருந்தது. பின்கதவை யாரும் தொடவில்லை. அதன் பழைய சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்காரர் வாரா வாரம் வரத் தொடங்கினார். அவருக்கு அந்தப் பேரை வைத்தது மகள்தான். ஒரு முறைகூட அவர் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. திரையின் இடுக்கில் தெரிவது கறுப்பு ஹெல்மெட்டும், அதன் கண்ணாடியில் வளைந்து தெரியும் அவர்கள் வீட்டு வாசலும்தான்.

முன்கதவில் வெளிப்பக்கம் பூட்டுப் போடும் யோசனை கணவருடையது. ஒரு பெரிய பூட்டை வாங்கி வந்து தொங்கவிட்டார். போக்குவரத்தெல்லாம் பின்பக்கச் சந்து வழியே என்றாகியது. திரைகளின் ஓரங்களைத் துணி காயப்போடும் கிளிப்புகளால் கவ்வினார். பெல்லின் ஒயரைக் கழற்றினார். ஹாலில் விளக்குப் போடுவதில்லை. டிவியைச் சத்தமே இல்லாமல் வைத்துப் பார்க்கப் பழகினார்கள். ஓடுகிற வாய்களைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடும் அளவுக்கு மகள் தேறிவிட்டாள்.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடினால் வீடு அதிரும், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அப்படிப்பட்டவள் இப்போது குதிகாலைத் தரையில் வைக்காமல் நடந்தாள். தண்ணீர் குடித்த தம்ளரை மேடையில் வைக்கும்போது அடியில் சுண்டுவிரலைக் கொடுத்து வைத்தாள், சத்தம் வராமல் இருக்க. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. முதலில் அவள் அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். பிறகு அவளும் அப்படியே வைக்கத் தொடங்கினாள்.

ஆள் புழங்காத வீடு போலவே வீடும் நடந்துகொண்டது. வாசற்படியில் ஒரு தெருநாய் குடியேறியது. கேட்டுக்கு உள்ளே செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்தன. பேப்பர்காரர் நின்றுபோனார். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ சாக்பீஸால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அழிக்கலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அழித்தால் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார் கணவர்.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அக்கா அவளைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் குடிபோயிருக்கிறீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் வாய்க்கு வந்த ஓர் இடத்தைச் சொன்னாள். வீட்டில் வெளிச்சம் இல்லாததைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்றார் அந்த அக்கா. அன்று சாயங்காலம் அதே அக்கா மாடியில் துணி எடுப்பதைத் திரையின் இடுக்கு வழியே இவள் பார்த்தாள். அவர் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு இந்த ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தார். நேருக்கு நேர் தன் கண்ணைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. பிறகு அவர் எதுவுமே இல்லாத இடத்தைப் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டு போய்விட்டார்.

மகள் பள்ளியிலிருந்து வந்து ஒரு நாள் அம்மாவின் காதோடு சொன்னாள்.

"நம்ம வீட்ல பேய் இருக்காம்மா. ஒரு பொண்ணு ஜன்னல் வழியா பார்க்குதாம். எங்க க்ளாஸ் பசங்க பார்த்திருக்காங்க."

"நீ என்ன சொன்னே?"

"அது நான்தான்னு சொல்லல."

அவள் சிரிக்காமல் சொன்னாள். அம்மாவுக்கும் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் வேறொன்றும் நடக்கத் தொடங்கியது. மனைவி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் தொட்டியில் கிடந்த தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கணவர் கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். வேலை தேடி அலைந்துவிட்டு அவர் வந்து பார்த்தால் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விடப்பட்டிருக்கும். அவள் செய்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வாய் திறந்து பேசவேண்டும். அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது.

சமையலறை ஸ்டூல் விஷயத்தில்தான் இருவருக்கும் சந்தேகம் வந்தது. மூன்று பேரும் வெளியே போயிருந்த ஒரு நாள், திரும்பி வந்தபோது அந்த ஸ்டூல் உள் படுக்கையறையின் வாசலில் போடப்பட்டிருந்தது. அறையைப் பார்த்த மாதிரி. அதில் உட்கார்ந்தால் கட்டில் மட்டும்தான் தெரியும்.

நீயா போட்டாய் என்று அவர் கண்ணால் கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்தாள். இருவரும் மகளைப் பார்த்தார்கள். அவளும் தலையசைத்தாள். அவர் ஸ்டூலைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் வைத்தார். அப்புறம் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார், பழுதான எந்திரத்தைக் கேட்பதுபோல. ஒன்றும் கேட்கவில்லை. பேங்க்காரர்கள் உள்ளே வந்து பார்த்திருப்பார்களோ என்றார் மெதுவாக. பேங்க்காரன் எதற்கு ஸ்டூல் போட்டு உட்காரப்போகிறான் என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் அன்றிலிருந்து மகள் அந்த அறைக்குள் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை விட்டிருந்த ஒரு நாள் மதியம். மகளுக்குச் சளி பிடித்து இருமலும் இருந்தது. மனைவி காலை ஷிப்ட் முடிந்து மருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். அவசரத்தில் கதவைச் சாவியால் மட்டும் பூட்டினாள், தாழ்ப்பாளைப் போடவில்லை. மருந்து பாட்டிலைத் திறப்பதற்குள் தெருவில் பைக்கும் காரும் நிற்கும் சத்தம் கேட்டது. கணவர் திரையிடம் போய்விட்டுத் திரும்பினார். விரல்களை விரித்துக் காட்டினார். ஒருவரல்ல, இரண்டு மூன்று பேர்.

மூவரும் உள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார்கள். முன்கதவில் தட்டினார்கள். பிறகு சுவரோரமாகக் காலடிகள் வந்தன. அந்த அறையின் ஜன்னல் கம்பியில் யாரோ எதையோ வைத்துத் தட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குரல் பேசியது.

"எப்பவோ காலி பண்ணிட்டாங்க சார். நான் எழுதிக் குடுத்துட்டேனே."

நோட்டீஸை ஒட்டிவிட்டு, வீட்டைக் கையகப்படுத்துவதற்கு நாள் குறிக்கலாம் என்று இன்னொரு குரல் சொன்னது. சுவரின் அகலத்தைப் பற்றி எதையோ பேசிக்கொண்டார்கள். இறந்தவர் வீட்டுச் சாமானை விலை பேசுவதுபோல இருந்தது அவளுக்கு. உள்ளே உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகளுக்கு இருமல் வந்தது. முதல் இருமலை அவள் விழுங்கிவிட்டாள். இரண்டாவது கிளம்பும்போதே அப்பாவின் கை அவள் வாயைப் பொத்தியது. அவள் உடம்பு உள்ளுக்குள்ளேயே குலுங்கியது. அவர் இன்னும் இறுக்கினார்.

அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

பின்கதவு திறந்தது. திறந்தவர் பழகிய கையால் திறந்தார். அந்தக் கதவு பாதிக்கு மேல் திறந்தால் கிறீச்சிடும். அது தெரிந்தவர்போலப் பாதியோடு நிறுத்தி உள்ளே வந்து சாத்தினார். குழாயில் தண்ணீர் விழுந்தது. தம்ளர் கழுவும் சத்தம். பிறகு வெறுங்கால் நடை. எங்கும் தடுமாறாமல், நேராக அவர்கள் இருந்த அறையை நோக்கி வந்தது. வாசலில் ஸ்டூல் வைக்கப்பட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இது. நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர். கணவரின் கண்கள் கதவிலேயே நிலைகுத்தியிருந்தன. தன் கை என்ன செய்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

முன்பக்கம் பசை தடவிக் காகிதம் ஒட்டும் சத்தம். கேட் கிறீச்சிட்டது. காலடிகள் தெருவில் இறங்கின.

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண்ணின் குரல், வீட்டு மனிதரைக் கூப்பிடும் குரலில், மெதுவாகச் சொன்னது.

"போயிட்டாங்க. வெளியே வாங்க."

அந்தக் குரலுக்குத்தான் மனைவி திரும்பினாள். திரும்பியபோதுதான் மகளின் கண்களைப் பார்த்தாள். விரிந்துபோய், நீர் முட்டி, எதையும் பார்க்காத கண்கள். முகம் கறுத்திருந்தது. அவள் கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. மகள் உறிஞ்சி இழுத்த முதல் மூச்சின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு இருமினாள், இருமிக்கொண்டே அழுதாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஸ்டூலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பெட்ரோல் பங்க்கில் போடும் சீருடைச் சட்டை, பாக்கெட்டில் எண்ணெய்க் கறை. மடியில் ஒரு சாவி. கதவு திறந்ததைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. இவள் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்தார், அப்புறம்தான் இவளைப் பார்த்தார்.

"எங்களையா கூப்பிட்டீங்க?"

"அவரைக் கூப்பிட்டேன்மா. நீங்க வந்தீங்க."

அவர்தான் அந்த வீட்டில் முன்னால் இருந்தவர். கேட்காமலே சொன்னார். கடை வைத்து நொடித்துப்போன கதை, தவணை நின்ற கதை. இவர்கள் செய்ததையெல்லாம் அவர்களும் செய்திருந்தார்கள். முன்கதவில் பூட்டு, பின்பக்கமாகப் போக்குவரத்து, அணைத்த விளக்கு. ஒரு நாள் பேங்க் ஆட்கள் வந்து தட்டினார்கள். அவரும் அவர் கணவரும் இதே அறையில், இப்போது கட்டில் போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு நெஞ்சைப் பிடித்தது.

"அவர் வாயைத் திறந்தார். சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன். போடல. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்."

ஆட்கள் போன பிறகு இந்த அம்மாள் எழுந்து வெளியே போய், தெருவைப் பார்த்துவிட்டு வந்து, போயிட்டாங்க வெளியே வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் வரவில்லை.

மனைவி திரும்பி மகளைப் பார்த்தாள். அந்த அம்மாள் சாவியை மடியில் இப்படியும் அப்படியுமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். வீடு போன பிறகு இந்தத் தெருப்பக்கமே வந்ததில்லையாம். வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து ஒரு நாள் கதவில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்திருக்கிறார்.

"வெளிப்பூட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, உள்ள ஆள் இருக்குன்னு. அதுக்கப்புறம் என்னால வராம இருக்க முடியல. தப்புதான். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, படுக்கையைச் சரி பண்ணிட்டு, இங்க உக்காந்துட்டுப் போயிடுவேன். வேற எதையும் தொட்டதில்ல."

கணவர் அறையிலிருந்து வந்தார். அந்த அம்மாளைக் கடந்து போகும்போது நின்றார். கும்பிடுவதுபோலக் கை பாதி எழுந்து இறங்கியது. சமையலறை வழியே சந்துக்குப் போய், சந்தைச் சுற்றி, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்தார்.

காரும் பைக்கும் தெருமுனையில் நின்றிருந்தன. ஹெல்மெட்காரர் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் இருவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வீட்டுக்காரன் நான்தான் சார்."

ஹெல்மெட்காரர் அவரையும் அவர் வெறுங்காலையும் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது தூக்கம் போதாத ஒரு சாதாரண முகம். மூக்கு சளியில் சிவந்திருந்தது.

"வீடு காலின்னு இல்ல எழுதியிருக்கேன்."

"காலி இல்ல சார். உள்ளதான் இருக்கோம். நீங்க வந்தப்பல்லாம் இருந்தோம்."

அந்த ஆள் கோபப்படவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டின் ராசியே அப்படி என்றார். இதற்கு முன்னாலும், வேறு ஆள் பேரில் கடன் இருந்தபோது, இதே வீட்டுக்கு அவர்தான் வந்திருக்கிறாராம். எத்தனையோ தடவை தட்டியிருக்கிறாராம். அப்போதும் உள்ளே ஆளே கிடையாது என்றார்.

கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் ஒருவர் செத்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதர் இனி எந்தக் கதவை எப்படித் தட்டுவார் என்று தோன்றியது.

"இருந்தாங்க சார்," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த ஆளும் கேட்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, நாளைக்கே கிளைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிப் பைக்கில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மாள் போயிருந்தார். மகள் ஹாலில் மருந்து குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். இடம் கொடுப்பதற்கா, விலகுவதற்கா என்று தெரியவில்லை. அவர் தன் கைகளை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பல நாள் வரை அவளைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் அவர் விரலைப் பிடித்துக்கொள்ளும் வரை அப்படித்தான் இருந்தது.

பேங்கில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. கடன் பிரிவில் இருந்த மேடம் அவரை நன்றாகவே திட்டித் தீர்த்தார். போனை எடுத்திருந்தால், முதல் தவணை தவறியபோதே வந்து சொல்லியிருந்தால், செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்றார். இப்போது விஷயம் வழக்கறிஞர் மேஜைக்குப் போய்விட்டது. அங்கிருந்து திரும்ப எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை என்றார். இருந்தாலும் ஒரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். பாக்கியில் ஒரு பகுதியையாவது முதலில் கட்டிக் காட்டச் சொன்னார். கணவர் தன் பைக்கை விற்றார். மனைவியின் பழைய ஸ்கூட்டர் மட்டும் மிஞ்சியது.

முதல் விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. அன்று மனைவி மேடத்தின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தாள். சண்டை போடவில்லை. வேறு என்ன எழுதினால் ஒத்துக்கொள்வார்கள், அதை மட்டும் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன் என்று நல்ல குரலில், கிளை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரல், அவளுக்கே அளவு தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

அதற்குள் கணவருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் லிப்ட் பராமரிக்கும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அந்த வேலையின் உத்தரவையும் சேர்த்து எழுதியபோது, இரண்டாவது விண்ணப்பம் தேறியது. தவணை குறைந்தது, வருஷங்கள் நீண்டன. பாக்கி முதலோடு சேர்ந்தது. மறுபடி தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று மேடம் இரண்டு தடவை சொல்லிக் கையெழுத்து வாங்கினார். கடன் முடிவதற்குள் எங்கள் வாலுவின் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகிவிடும் என்றார் கணவர். மேடம் சிரிக்கவில்லை. மனைவிதான் சிரித்தாள், அழுகை கலந்த மாதிரி.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் ஸ்கூட்டரைப் பெட்ரோல் பங்க்குக்குள் திருப்பச் சொன்னாள். அந்தப் பாதையில் அது மூன்றாவது பங்க். முதல் இரண்டிலும் அந்த அம்மாள் இல்லை. இங்கே ஓரத்துக் குழாய் அருகே நின்றிருந்தார், அதே சட்டை. டாங்க் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, முன்பின் பார்த்திராதவர்போலப் பெட்ரோல் போட்டார். மனைவி இறங்கிப் பக்கத்தில் போய், எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று சொன்னாள். அவர் ஓடுகிற எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். குழாயைத் திரும்ப மாட்டிய பிறகுதான் பேசினார்.

"எங்க படுக்கறீங்க?"

"ஹால்லதான். அந்த ரூமுக்கு... அன்னிலேர்ந்து யாரும் போறதில்ல."

அவர் கையைத் துணியில் துடைத்தார். பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் கொஞ்சம் குனிந்து, இவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"யாராவது அதுல படுங்கம்மா. அவரைத் தனியா விடாதீங்க."

பிறகு லாரியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வழியில் அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கிடந்த பாயையும் தலையணைகளையும் எடுத்துக்கொண்டு போய் அந்த அறைக் கட்டிலில் போட்டார். ஜன்னலைத் திறந்து வைத்தார். மகள் அடுத்த அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தாள். கணவனும் மனைவியும் கட்டிலில் படுத்துக்கொண்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த அந்த வெறும் இடத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். லிப்ட்டைப் பற்றி, ரொட்டித் தொழிற்சாலையில் வந்திருக்கும் புது மேற்பார்வையாளரைப் பற்றி, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. சாதாரணமான குரலில், யாரும் கேட்டால் கேட்கட்டும் என்று பேசினார்கள். முதல் சில நாள் தூக்கம் வரவில்லை. பிறகு வந்தது.